கல்லை எறியுங்கள், பதில் விழும்

போன மாதம் ஒருவர், "ராஜா ராணிக் கதை அலுத்துவிட்டது மாமா, அதைவிடப் பழசாக ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். "கற்காலம்வரை போய்ப் பாருங்கள்" என்று ஒரே வரியில் வழியனுப்பி வைத்தேன். போனவர் தனியாகத் திரும்பவில்லை. பாசிர் கூடாங், மாசாய், உலு திராம் என்று பாதி ஜொகூரையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். புலனம் நிரம்பி வழிகிறது. ஆகவே இந்த மாதம் முழுக்கக் குகைதான். சினிமா, அரசியல், சர்க்கரை வியாதி கேட்டவர்கள் அடுத்த மாதம்வரை பொறுத்திருங்கள்.

● கற்காலக் கதையில் அப்படி என்ன ருசி, மாமா?
— இரவு ஷிஃப்ட் தொழிலாளி, பாசிர் கூடாங்

ராஜா கதை நகர ஓர் ஒற்றன், ஓர் ஓலை, ஒரு சதி, ஒரு சுரங்கப்பாதை வேண்டும். கற்காலக் கதைக்கு ஒரு மழை போதும். நெருப்பு அணைந்தது, கதை தொடங்கிவிட்டது.

பிரெஞ்சு எழுத்தாளர் ரோனி 1911-இல் வெளியிட்ட 'நெருப்புக்கான போர்' நாவலின் மூலதனமே இவ்வளவுதான். ஒரு கூட்டத்தின் நெருப்பு அணைந்துபோகிறது. மூன்று பேர் புதிய நெருப்பு தேடிப் போகிறார்கள். பசி, குளிர், பயம், பக்கத்தில் ஒரு துணை. நமக்கும் அடியில் இருப்பவை இந்த நாலுதான். மேலே மாதத் தவணைகளை அடுக்கி மூடியிருக்கிறோம்.

● நெருப்பைத் தேடி எதற்கு ஊர் ஊராகப் போக வேண்டும்? இரண்டு கல்லை உரசினால் முடிந்தது!
— லாரி ஓட்டுநர், மாசாய்

உரசிப் பாருங்கள் தம்பி, நான் காத்திருக்கிறேன். சாதாரணக் கல்லும் கல்லும் உரசினால் வரும் பொறி கண்ணுக்குத் தெரியும், பஞ்சைப் பற்றவைக்காது. சிக்கிமுக்கிக் கல்லோடு இரும்புக் கந்தகத் தாது சேர வேண்டும். இல்லையென்றால் கட்டையில் கட்டையைக் கடைய வேண்டும். அந்தக் கோலுக்குச் சங்கத் தமிழில் 'ஞெலிகோல்' என்று பெயர்.

நம் பக்கத்து மக்கள் இன்னொரு வழி கண்டார்கள். ஒரு பக்கம் அடைத்த சின்னக் குழல், அதற்குள் இறுக்கமாக நுழையும் ஒரு தண்டு, தண்டின் நுனியில் துளி பஞ்சு. உள்ளங்கையால் படாரென்று ஒரு குத்து. உள்ளே சிக்கிய காற்று நசுங்கிச் சூடாகிப் பஞ்சு கனலும். மலாயில் கோபெக் அப்பி.

உங்கள் லாரி எஞ்சினில் ஸ்பார்க் பிளக் உண்டா? கிடையாது. அங்கேயும் காற்றை நசுக்கித்தான் டீசலைப் பற்றவைக்கிறார்கள். நீங்கள் தினமும் ஓட்டுவது சக்கரம் வைத்த தீக்குழல்.

● மனிதனும் டைனோசரும் சண்டை போட்டிருக்கிறார்களா?
— ஐந்தாம் ஆண்டு மாணவன், தமிழ்ப்பள்ளி, பாசிர் கூடாங்

டைனோசர் மறைந்து 6 கோடியே 60 லட்சம் ஆண்டு. நம் இனம் தோன்றிச் சுமார் 3 லட்சம் ஆண்டு. 1966-இல் வந்த ஓர் ஆங்கிலப் படத்தில் இரண்டையும் மோதவிட்டார்கள். அது படம் எடுத்தவர்களின் அவசரம். கோனன் டாயில் 1912-இல் 'தொலைந்த உலகம்' எழுதியபோது கொஞ்சம் நாணயமாக நடந்துகொண்டார். ஏற முடியாத ஒரு மேட்டுநிலத்தில் பழைய விலங்குகள் அழியாமல் தங்கிவிட்டதாகக் காரணம் சொன்னார்.

ஆனால் கண்ணா, பறவைகள் டைனோசரின் வாரிசுகள். அந்த முறையில் மனிதனுக்கும் டைனோசருக்கும் சண்டை இன்றும் நடக்கிறது. தினமும் மதியம், நாசி ஆயாம் கடையில்.

● தமிழில் இப்படி எதுவும் இல்லையே என்று வருத்தமாக இருக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஜொகூர் பாரு

வருத்தத்தில் பாதியைக் குறைத்துக்கொள்ளுங்கள் ஐயா. ராகுல் சாங்கிருத்யாயன் இந்தியில் எழுதிய 'வால்காவிலிருந்து கங்கை வரை' தமிழுக்கு வந்து எழுபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. மொழிபெயர்த்தவர் தமிழ்ப் புத்தகாலயம் நிறுவிய கண. முத்தையா, பர்மாவில் நேதாஜியின் இயக்கத்தில் இருந்தவர். மூலத்தை ராகுல்ஜி எழுதியது ஹசாரிபாக் சிறையில். 20 கதைகள். முதல் கதை கி.மு. 6000-இல், கடைசிக் கதை 1942-இல்.

முதல் கதையை எடுத்துப் படியுங்கள். உறைந்த வால்கா, குகைக்குள் கரடி, வெளியே ஓநாய். கூட்டத்தின் தலைமை ஒரு பெண் கையில். சிறைக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு எட்டாயிரம் வருடத்துக்கு அப்பால் போக வழி இருந்திருக்கிறது பாருங்கள். காவலுக்கு நின்றவர் கவனிக்கவே இல்லை.

மீதிப் பாதி வருத்தம் எனக்கும் உண்டு. அது மொழிபெயர்ப்பு. தமிழனே எழுதிய, தமிழ்ச் சிறுவன் தலையணைக்கடியில் ஒளித்துவைக்கிற கற்கால நாவல் எங்கே? சோழன் கப்பல் ஏறிக் கடாரம் வந்ததை அலுக்காமல் எழுதினோம். அவன் வந்தது சுமார் ஆயிரம் ஆண்டுக்கு முன்; அந்தக் கரையில் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே ஆள் இருந்தது.

● இந்தக் கதைகளில் பெண்களுக்கு என்ன வேலை? குகையைப் பெருக்குவதா?
— கணக்காளர், பெர்மாஸ் ஜெயா

பெரு நாட்டு மலையில் 9,000 ஆண்டுப் பழைய புதைகுழி ஒன்று கிடைத்தது. உள்ளே எறியீட்டி முனைகள், தோல் சுரண்டும் கற்கள், முழு வேட்டைப் பை. பெரிய தலைவனாக இருப்பான் என்று நினைத்து எலும்பைச் சோதித்தார்கள். இருபது வயது தாண்டாத பெண். ஆய்வு வெளிவந்தது 2020-இல்.

பெருக்கியது யார் என்று இன்னும் தெரியவில்லை தங்கச்சி. தெரிந்தால் சொல்கிறேன்.

● பழங்கற்காலத்தை நேரில் பார்க்காமல் எப்படி எழுதுகிறார்கள்?
— மின்னணுத் தொழிற்சாலை மேற்பார்வையாளர், பாசிர் கூடாங்

உங்களுக்குத்தான் சரியான ஆள் இருக்கிறார் அம்மா. ஜீன் ஆவல். அமெரிக்காவில் மின்னணு நிறுவனத்தில் வேலை, ஐந்து பிள்ளைகள். நாற்பது வயதில், நியாண்டர்தால் கூட்டத்தில் வளரும் நம் இனத்துச் சிறுமி ஒருத்தியின் கதை மனதில் விழுந்தது. நூலகத்தை வீட்டுக்குத் தூக்கிவந்து படித்தார். அது போதவில்லை. பனியில் குழி தோண்டித் தூங்கினார், தோல் பதப்படுத்தினார், கல் செதுக்கக் கற்றுக்கொண்டார்.

'குகைக்கரடியின் குலம்' 1980-இல் வந்தது. அதையும் சேர்த்து மொத்தம் ஆறு நாவல்கள், கடைசி 2011-இல். கோடிக்கணக்கில் விற்றன. உங்கள் தொழிற்சாலையிலும் மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்து எதையோ கிறுக்கும் அக்கா ஒருவர் இருப்பார். அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

● ஜொகூரில் என்ன கற்காலம்? இங்கே இருப்பது கப்பல், எண்ணெய்த் தொட்டி, பட்டம்.
— பட்ட விழா ரசிகர், பாசிர் கூடாங்

கடலோரம் போய் நில்லுங்கள். எதிரே சிங்கப்பூர், புலாவ் ஊபின். நடுவே நீரிணை, அதில் கப்பல். இப்போது தண்ணீரை வடித்துவிடுங்கள்.

20,000 ஆண்டுக்கு முன் கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. உலகத் தண்ணீர் வடக்கே பனியாக உறைந்து கிடந்தது. மலாக்கா நீரிணை இல்லை. ஜொகூர் நீரிணை இல்லை. தீபகற்பம், சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் சேர்ந்து ஒரே நிலம். நிலவியலார் அதைச் சுண்டாநிலம் என்கிறார்கள். அன்று ஓடிய பெரிய ஆறுகளின் பள்ளம் இன்னும் கடலடியில் கிடக்கிறது.

நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து ஜாவாவுக்கு நடந்தே போயிருக்கலாம். காஸ்வே நெரிசல் இல்லை. கடப்பிதழில் முத்திரை இல்லை. வழியில் புலி மட்டும் உண்டு.

இப்படியொரு களம் காலடியில் முழுகிக் கிடக்கும்போது நம் பிள்ளைகள் ஐரோப்பியப் பனிக்காட்டுக் கதையை மட்டும் படிக்கிறார்கள். பனியைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள்!

● முழுகிய நிலம் என்றால் நம் குமரிக்கண்டம்தானே?
— வானொலி நேயர், ஸ்கூடாய்

கடல்கோள் நம் இலக்கிய நினைவில் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தியப் பெருங்கடலில் கண்டம் ஒன்று முழுகியதாகச் சொன்ன 'லெமூரியா' என்ற பெயரை 1864-இல் சூட்டியவர் பிலிப் ஸ்க்ளேட்டர். அவர் தேடியது தமிழனை இல்லை, லெமூர் என்ற தேவாங்கு மாதிரி விலங்கை. மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒத்த வகை விலங்குகள் எப்படி என்ற சந்தேகத்துக்கு அவர் போட்ட பாலம் அது. கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்த பிறகு பாலம் தேவைப்படவில்லை.

முழுகிய நிலம்தான் வேண்டுமென்றால் சுண்டாநிலம் இருக்கிறது. வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் உங்கள் வீட்டு வாசலும் அடங்கும்.

● பேராக் மனிதன் என்று பாடத்தில் வருகிறது. அவரை வைத்து நாவல் எழுத முடியுமா?
— ஒன்றாம் படிவ மாணவி, உலு திராம்

எழுத முடியுமாவா? எழுதாமல் இருப்பதுதான் குற்றம்.

லெங்கோங் பள்ளத்தாக்கில் குனோங் ருந்து குகை. 1991-இல் சுரைனா மஜிட் தலைமையில் அறிவியல் பல்கலைக்கழகக் குழு அகழ்ந்தது. சுமார் 10,000 ஆண்டுப் பழைய முழு எலும்புக்கூடு. முழங்காலை மடக்கி, கருவில் இருக்கும் குழந்தை மாதிரி கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் கல் கருவிகள், விலங்கு எலும்பு, ஆற்று நத்தை ஓடுகள்.

அவருக்குப் பிறவிக் குறை. இடது கை விரல்கள் குட்டை, முதுகும் வளைந்திருந்தது. அப்படிப் பிறந்தவர் அந்தக் காட்டில் நாற்பது வயதைத் தாண்டியிருக்கிறார். யாரோ ஊட்டியிருக்கிறார்கள், யாரோ தூக்கியிருக்கிறார்கள். இறந்தபோது அவ்வளவு அக்கறையாகப் புதைத்திருக்கிறார்கள். ஏன்? மருந்து தெரிந்தவரா? கதை சொல்லியா? ஆராய்ச்சியாளர் நிற்க வேண்டிய இடம் அது. நாவலாசிரியர் கிளம்ப வேண்டிய இடமும் அதுதான்.

2012-இல் யுனெஸ்கோ அந்தப் பள்ளத்தாக்கை உலக மரபிடமாக்கியது. பாசிர் கூடாங்கிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். பள்ளி விடுமுறைக்குக் கெந்திங் மலைக்குப் பதிலாக ஒருமுறை அங்கே கூட்டிப்போகச் சொல். அப்பா முறைத்தால் நான் சொன்னேன் என்று சொல்.

● நத்தையா! அந்தக் கால மனிதர்களுக்கு ருசியே தெரியாதா?
— இல்லத்தரசி, தாமான் ரிந்திங்

நம் கடலோரச் சாப்பாட்டுக் கடைக்குப் போய் 'சிப்புட் செடுட்' கேளுங்கள் அம்மா. தேங்காய்ப்பாலில் மஞ்சள், செரை, கட்டாரி மிளகாய் போட்டுக் கொதிக்கவைத்த நத்தை. கூம்பு ஓட்டின் வால் நுனியை முன்பே தட்டி உடைத்திருப்பார்கள். இரண்டு விரலில் பிடித்து, வாயில் வைத்து, ஒரே உறிஞ்சு. முதல் தடவை குழம்பு மட்டும் வரும். இரண்டாம் தடவை காற்று வரும். பக்கத்து மேசைச் சிறுவன் சிரிப்பான். மூன்றாம் தடவை 'ச்சக்' என்று சதை நாக்கில் விழும்.

வாலை உடைக்காவிட்டால் உறிஞ்ச முடியாது. காற்று புக வழி வேண்டும். அந்தச் சின்னப் பௌதிகத்தை யாரோ ஒருவர் முதலில் கண்டுபிடித்திருக்கிறார். ருசி தெரியாதவருக்கு அவ்வளவு பொறுமை வராது.

● சாகசக் கதைக்கு ஒரு பெரிய ஆபத்து வேண்டுமே? நம் ஊரில் பனிப்புயல் இல்லை, எரிமலை இல்லை.
— கல்லூரி மாணவர், குளுவாங்

தீபகற்பத்தில் எரிமலை இல்லை. எதிரே சுமத்ராவில் தோபா இருக்கிறது. 74,000 ஆண்டுக்கு முன் அது வெடித்ததைப்போல் ஒரு வெடிப்பு கடந்த இருபது லட்சம் ஆண்டில் இல்லை. சாம்பல் இந்தியாவரை போய் விழுந்தது. ஆந்திராவின் ஜுவாலாபுரத்தில் இன்றும் அந்தப் படிவைத் தோண்டி எடுக்கிறார்கள்.

லெங்கோங்கில் கோத்தா தம்பான் என்ற இடத்தில் கல் கருவிப் பட்டறை ஒன்று கிடைத்தது. பட்டறைக்கல் இருந்த இடத்தில் இருக்கிறது. சுத்தியல் கல் பக்கத்தில். செதுக்கிய சில்லுகள் சிதறிக் கிடக்கின்றன. பாதி செய்த கருவியும் அங்கேயே. கூடவே தோபாவின் சாம்பல். வேலை நடந்துகொண்டிருந்தபோதே போட்டது போட்டபடி விட்டு ஓடியிருக்கிறார்கள் என்பது அகழ்ந்தவர்களின் கருத்து.

ஷிஃப்ட் முடியும் முன்பே சங்கு ஊதிவிட்டது. ஓடியவன் எங்கே போனான் என்பதுதான் உங்கள் நாவல்.

● கற்கால மனிதர்கள் பேசிய மொழி எது? தமிழ்தான் என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான்.
— முடிதிருத்தும் கடைக்காரர், பிளெந்தோங்

பேச்சு எலும்பாகாது; மண்ணில் மிஞ்சாது. அடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள்.

ஒரு சுவையான சங்கதி சொல்கிறேன். ரோனியின் நாவல் 1981-இல் படமானது. அதில் வரும் குகை மக்களுக்கு மொழி உருவாக்கிக் கொடுத்தவர் ஆந்தனி பர்ஜஸ். அவர் 1954-இல் மலாயா வந்து கோலகங்சார் மலாய்க் கல்லூரியில் பாடம் நடத்தியவர். மலாய் மொழியை ஊன்றிக் கற்றவர். வெளிவந்த முதல் நாவலே இந்த நாட்டைப் பற்றியது. அவர் குடியிருந்த கோலகங்சாரிலிருந்து லெங்கோங் ஒரு மணி நேர ஓட்டம்.

உலகத்துக்குக் குகைமொழி செய்துகொடுத்தவர் பேராக் மனிதனின் பக்கத்து ஊரில் சம்பளம் வாங்கியிருக்கிறார். அப்போது அவருக்கும் தெரியாது, இவரும் வெளியே வரவில்லை.

● அந்தப் படத்தில் மாமூத் யானைகள் நிஜமா?
— அதே கடையில் முடிவெட்ட வந்தவர்

நிஜ யானை, பொய் முடி. சர்க்கஸ் யானைகளுக்குச் சடைக் கம்பளி போர்த்தி நடக்கவிட்டார்கள். படத்துக்கு ஆஸ்கார் கிடைத்தது ஒப்பனைக்கு.

● என் கணவர் நியாண்டர்தால் மனிதர் மாதிரி நடந்துகொள்கிறார். என்ன செய்யலாம்?
— பெயர் வேண்டாம், மாசாய்

கொடுத்துவைத்தவர் நீங்கள். ஈராக்கில் ஷானிதார் குகையில் கிடைத்த நியாண்டர்தால் ஒருவருக்கு ஒரு கை சூம்பிப்போயிருந்தது. முகத்தில் பட்ட அடியில் ஒரு கண்ணும் போயிருக்க வேண்டும். அந்த நிலையில் பல ஆண்டு வாழ்ந்திருக்கிறார். கூட்டம் கைவிடவில்லை.

2010-இல் ஸ்வான்தே பாபோ குழு அவர்களின் மரபணுவை வாசித்தது. 2022-இல் அவருக்கு நோபல். ஆப்பிரிக்காவுக்கு வெளியே வேர்கொண்ட எல்லோரிடமும் அது 1 முதல் 2 விழுக்காடு உண்டு. கணவரிடம் மட்டும் இல்லை, உங்களிடமும்.

வில்லியம் கோல்டிங் 1955-இல் எழுதிய 'வாரிசுகள்' நாவலில் அவர்கள்தான் நல்லவர்கள். பயமுறுத்துகிறவர்கள் நம் ஆட்கள். படித்துவிட்டு, கணவரிடம் ஒரு கோப்பி கலக்கச் சொல்லுங்கள். நிஜ நியாண்டர்தால் என்றால் கலக்கித் தருவார்.

● குள்ள மனிதர்கள் இருந்தார்களாமே?
— நான்காம் ஆண்டு மாணவி, தாமான் ஸ்ரீ ஆலாம்

இருந்தார்கள் பாப்பா. இந்தோனேசியாவில் ஃபுளோரெஸ் தீவு, லியாங் புவா குகை, 2003. வளர்ந்த பெண்ணின் உயரம் சுமார் ஒரு மீட்டர். அதே தீவில் குட்டை யானை இருந்தது. கொமோடோ பல்லி இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு நாரை இருந்தது, 1.8 மீட்டர். யானை சின்னது, மனிதர் சின்னவர், நாரை பெரியது.

யாராவது கற்பனையாக எழுதி அனுப்பியிருந்தால், ஆசிரியர் "அளவுகளைச் சரிபார்க்கவும்" என்று திருப்பி அனுப்பியிருப்பார்.

● கற்கால மனிதரைப் பார்க்க நாவல் எதற்கு? நம் பக்கத்துக் கம்பத்து ஓராங் அஸ்லியைப் பார்த்தால் போதாதா?
— வணிகர், ஜொகூர் பாரு

போதாது. உங்கள் கேள்விதான் கற்காலம்.

கோல மாசாய், பாசிர் பூத்தே, கோங் கோங் பக்கம் வாழும் ஓராங் செலேத்தார் மக்கள் இந்த நூற்றாண்டுக்காரர்கள். படகில் எஞ்சின் இருக்கிறது, கையில் கைப்பேசி இருக்கிறது, பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் இருக்கிறது. உங்களிடம் இல்லாத ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது: எந்தக் கண்டல் வேருக்கடியில் எந்த நேரத்தில் நண்டு இருக்கும் என்ற அறிவு. அது பழசு இல்லை. இன்று காலை பயன்பட்ட அறிவு.

நாவல் எழுதுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். அவர்களிடம் ஆசிரியரிடம் போவதுபோல் போங்கள். காட்சிசாலைக்குப் போவதுபோல் போகாதீர்கள்.

● தமிழ்நாட்டில் கற்காலத் தடம் எங்கே பார்க்கலாம்? டிசம்பரில் போகிறோம்.
— பயண ஏற்பாட்டில் இருக்கும் குடும்பம், கோத்தா திங்கி

சென்னை விமான நிலையத்தில் இறங்கி, தி. நகருக்குப் புடவை வாங்க ஓடுவீர்கள். நில்லுங்கள். நிலையத்தை ஒட்டி இருப்பது பல்லாவரம். 1863 மே 30 அன்று ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே ஒரு சரளைக் குழியில் கைக்கோடாரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் கற்கால ஆராய்ச்சி பிறந்த இடம் அதுதான்.

அதே ஆண்டு அவரும் வில்லியம் கிங்கும் திருவள்ளூர்ப் பக்கம் அத்திரம்பாக்கத்துக்குப் போனார்கள். அந்த ஊர்க் கருவிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டு என்று சாந்தி பப்பு குழு 2011-இல் நிறுவியது. நம் இனமே பிறக்காத காலம். செய்தவர்கள் வேறு மனிதர்கள்.

புடவைக்கடை இரவு ஒன்பதுவரை திறந்திருக்கும்.

● நான் ஒரு கற்காலக் கதை எழுதுகிறேன். மொழி எப்படி இருக்க வேண்டும்?
— இளைஞர், பாசிர் கூடாங்

செந்தமிழா கொச்சையா என்று குழம்பாதீர்கள். அவர்களிடம் இல்லாத பொருளை உவமைக்குள் கடத்தாதீர்கள், அது போதும்.

'இரும்பு நெஞ்சம்' என்று எழுதினால் இரும்பு வந்துவிட்டது. 'பம்பரமாய்ச் சுழன்றான்' என்றால் கயிறும் ஆணியும் வந்துவிட்டன. 'ஒரு நிமிடம் தயங்கினான்' என்றால் கடிகாரம். 'செல்லாக்காசு' என்றால் நாணயச்சாலை. அவனுக்கு நேரம் என்பது நிழல். தூரம் என்பது எத்தனை தூக்கம். கண்ணாடி என்பது அசையாத தண்ணீர். தன் முகத்தைக் காற்றில்லாத நாளில் மட்டும் பார்த்தவன் அவன்.

இப்படி ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கப் பிடுங்க, தமிழில் மிஞ்சுவது எவ்வளவு பழைய, எவ்வளவு வலுவான சொற்கள் என்று தெரியும். கல், நீர், தீ, வேர், தோல், ஊன், இருள். அந்தச் சொற்களோடு ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். எழுதும்போதே கை குளிரும்.

● என் நாயகன் புலிக்குப் பயந்து செம்பனை மரத்தில் ஏறி மரவள்ளிக்கிழங்கு தின்கிறான். சரியா?
— அவருடைய நண்பர், பாசிர் கூடாங்

செம்பனை ஆப்பிரிக்காக்காரன். வணிகப் பயிராக இங்கே முதலில் நட்டது 1917, சிலாங்கூரில் தென்னமாரம் தோட்டம். மரவள்ளி, மிளகாய், பப்பாளி, பால்மரம் நாலும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. உங்கள் நாயகன் 1917-வரை புலியைக் காத்திருக்கச் சொல்ல வேண்டும்.

வாழை, சேம்பு, காட்டு வள்ளி, டுரியான் எல்லாம் இந்த மண்ணுடையவை. டுரியான் மரத்தில் ஏற்றுங்கள். புலியின் தலையில் என்ன விழும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

● விஷ அம்பு நிஜமா, ரீலா?
— காற்பந்துப் பயிற்றுநர், மாசாய்

நிஜம். ஈப்போ மரத்தின் பால். இரத்தத்தில் கலந்தால் இதயம் நிற்கும். பேராக்கின் ஈப்போ நகரத்துக்கு அந்த மரத்தின் பெயர்தான். நீங்கள் அங்கே கோழியும் தவ்கேயும் சாப்பிட்டுவிட்டு வந்தீர்கள்.

● என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பாடப் புத்தகத்தைத் தொடுவதில்லை. குகைக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். கவலையாக இருக்கிறது, அண்ணா.
— தாய், தாமான் சயின்டெக்ஸ்

கவலைப்படாதீர்கள் தங்கச்சி. பதின்மூன்று வயதுப் பையனை நாள் முழுக்க யாரோ ஏற்றி இறக்குகிறார்கள். பள்ளி வேன், டியூஷன், வீடு. அவன் கையால் ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. அந்தக் கதையில் அவன் வயதுப் பையன் நெருப்பைக் காவல் காக்கிறான். அவன் தூங்கினால் கூட்டமே குளிரில் சாகும். அவ்வளவு பெரிய பொறுப்பை நாம் யாரும் இந்தப் பையன்களிடம் கொடுப்பதில்லை. அந்தப் பசிக்குத்தான் படிக்கிறான்.

இன்று இரவு அடுப்பை அவனிடம் கொடுங்கள். ஒரு குழம்பு வைக்கட்டும். புளி தூக்கலாக இருந்தாலும் சாப்பிடுங்கள்.

● உலகின் முதல் சாகசக் கதை எது?
— நூலகப் பணியாளர், பாசிர் கூடாங்

எழுத்தில் இல்லை, சுவரில். சுலாவேசித் தீவில் லியாங் கரம்புவாங் குகை. ஒரு காட்டுப்பன்றி, அதைச் சுற்றி மனித உருவம் மூன்று. குறைந்தது 51,200 ஆண்டு என்று 2024-இல் அறிவித்தார்கள். உருவங்கள் சேர்ந்து ஒரு சம்பவத்தைச் சொல்கிற ஓவியங்களில் இன்றுவரை தெரிந்தவற்றுள் இதுதான் மிகப் பழையது.

பன்றி பெரியது, மனிதர்கள் சின்னவர்கள். வரைந்தவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. எதிரி பெரிதாக இருந்தால்தான் கதை நிற்கும். பிரான்ஸில் இல்லை, ஸ்பெயினில் இல்லை. நம் பக்கத்துக் கடலில்.

● மாமா, மொழி கேட்டவன் நான்தான். முதல் அத்தியாயம் அனுப்பியிருக்கிறேன். தேறுமா?
— அதே இளைஞர், பாசிர் கூடாங்

மூன்று தடவை படித்தேன். முதல் இரண்டு பக்கம் சூரியன் உதிக்கிறது, பறவை பாடுகிறது, அருவி கொட்டுகிறது. வெட்டுங்கள். மூன்றாம் பக்கத்தின் நடுவில், கடல் ஏறிவரும் காலம். தாத்தாவைப் புதைத்த மேட்டைத் தேடி ஒரு சிறுவன் வருகிறான். மேடு இல்லை, தண்ணீர் இருக்கிறது. மழைத் தண்ணீர் என்று நினைத்து அள்ளிக் குடிக்கிறான். உப்பு.

அந்த உப்பிலிருந்து தொடங்குங்கள். துப்பினானா, விழுங்கினானா என்பதை மட்டும் நீங்கள் எழுதவில்லை. எனக்கு அது தெரிந்தாக வேண்டும். இரண்டாம் அத்தியாயத்தோடு சேர்த்து அனுப்புங்கள்.